திங்கட்கிழமை எட்டு மணி வரை

வெண்டல் ஹட்ச்கிராஃப்ட் என் மோட்டல் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். நார்வேக்காரர்கள் பதினான்கு பேர் அப்போதுதான் மோட்டார் சைக்கிள்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, என் நியான் பலகைக்குக் கீழே தோளோடு தோள் சேர்த்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரியாத பகலில் ஒரு முறை எடுப்பார்கள், எரிந்த பிறகு இன்னொரு முறை. பழைய நெடுஞ்சாலையைப் பார்க்க வருகிறவர்களால் டுகும்காரியில் மே மாதம் முழுக்க இதே கதைதான்.

"ரெண்டு கட்டில் போட்ட ரூம் ஒண்ணு வேணும்மா. கடைசி ரூமா இருந்தா நல்லது," என்றார். அறுபது தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எத்தனை நாளைக்கு?"

"திங்கட்கிழமை விடியிற வரைக்கும்."

கடைசி அறை வேண்டும் என்று கேட்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் அறையில், துண்டு மாற்றப் போன நான், குளியல் தொட்டியில் ஒரு பையனைப் பார்த்தேன். உடம்பு விறைத்துப் போயிருந்தது. கழுவும் தொட்டியின் விளிம்பில் ஒரு நீலப் போதை மாத்திரை, பாதி நொறுக்கியது. இருபத்திரண்டு வயசு. அவன் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். அதற்குப் பிறகு வருகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் சாவி கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

வாசல் வழியே எட்டிப் பார்த்தேன். அவருடைய பிக்கப் வண்டியில் ஒரு பெண், கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சுட்டெரிக்கிற மத்தியான வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தாள்.

"உங்க பொண்ணா? என்ன அவளுக்கு?"

"ஃப்ளூ காய்ச்சல்மா," என்றவருக்குக் காது இரண்டும் சிவந்தன. பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் காலியாக இருந்ததே பன்னிரண்டாம் நம்பர் ஒன்றுதான், அதுவே கடைசி அறை. ஃப்ளூவாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாவியை நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்விண்ட் வந்தான். அந்த மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவன், தாடி மார்பு வரைக்கும். புகார் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வெகுநேரம் என் சுவரில் இருந்த பழைய போட்டோக்களைப் பாராட்டினான். எந்த வருஷம் கட்டியது, இந்த மாதிரி அறைக்கு ஒரு கார் கொட்டகை வேறெங்கும் மிச்சம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"மிசஸ் பாகா, தப்பா நினைக்காதீங்க. பக்கத்து ரூம்ல யாரோ ராத்திரி பூரா சுவத்தை உதைச்சுக்கிட்டே இருந்தாங்க. ஒரு பொண்ணு அழுதுச்சு. யாராச்சும் அவளை அடிக்கிறாங்களோன்னு என் மனைவி பயப்படுறா."

நான் பன்னிரண்டாம் நம்பர் கதவைத் தட்டினேன். வெண்டல் அரை அடி திறந்து இடுக்கில் முகம் காட்டினார். நேற்றைய அதே சட்டை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

குளியலறைத் தரையில் கிடந்தாள் அவள். இளஞ்சிவப்பு டைல்ஸில் கன்னத்தை அழுத்தி, முழங்காலை வயிற்றோடு மடக்கி. கால் தானாக உதறிக்கொண்டிருந்தது. அவள் உதைக்கவில்லை, கால் அவள் சொல் கேட்கவில்லை. கையெல்லாம் புல்லரித்து, தோல் உரித்த கோழி மாதிரி இருந்தது. மாத்திரை கிடைக்காத உடம்பின் நாற்றம் அது, எனக்குத் தெரிந்த நாற்றம்.

"நீங்கதான் ஓனரா?" தலையைத் தூக்காமலே கேட்டாள். "போலீஸைக் கூப்பிடுங்க. இந்தாளு என்னைக் கடத்திட்டு வந்துட்டான். என் செருப்பை ஒளிச்சு வச்சுட்டான். போனைப் பிடுங்கிட்டான். எனக்கு இருபத்தெட்டு வயசு. கேட்டீங்களா? இருபத்தெட்டு!"

"டெஸ்ஸா," என்றார் வெண்டல். "டெஸ்ஸா, கண்ணு, இன்னும் ஒரு நாள்தான்."

"ஒரு நாளா? நீ வந்து படு இங்க. ஒரு மணி நேரம் படு பார்ப்போம். பெருசா ஒரு நாளாம்."

அவரை முற்றத்துக்கு அழைத்து வந்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிழக்கே டெக்ஸஸுக்கும் அப்பாலிருக்கும் சபோல்பாவில் இருந்து வருகிறார்கள். மூன்று வருஷமாகப் போதை மாத்திரை. வெள்ளிக்கிழமை காலை அவளே சமையலறைக்கு வந்து, "அப்பா, எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுரு," என்றிருக்கிறாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மனைவி ஜோனிடம் டெஸ்ஸாவின் நாலு வயசுக் குழந்தையை விட்டுவிட்டு, அந்த நிமிஷமே வண்டியை எடுத்திருக்கிறார். அல்புகர்க்கியில் ஒரு போதை மீட்பு மையத்தில் படுக்கை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். டெக்ஸஸ் தாண்டும்போது போன் வந்தது: அந்தப் படுக்கை போய்விட்டது, அடுத்தது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, எட்டரைக்குள் வராவிட்டால் அதுவும் வேறு ஆளுக்கு. வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கக் காத்திருந்து காட்டினார். வாந்திக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"ஊருக்குத் திரும்பியிருக்கலாமே?"

"ஊர்லதான் விக்கிறவன் இருக்கான்மா. எங்க வீட்டுல இருந்து நாலாவது வீடு."

"இங்க மட்டும் இல்லைன்னு நினைச்சீங்களா?"

அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்குள்ள காலி பண்ணிடுங்க, மிஸ்டர் ஹட்ச்கிராஃப்ட். என் ரூம்ல இன்னொரு பொணத்தை என்னால பார்க்க முடியாது."

அவர் தொப்பியைத் திருகினார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வண்டியில உக்கார மாட்டேங்குறாம்மா. ஓடுற வண்டியில கதவைத் திறந்துட்டா நேத்து. அதனாலதான் இங்க நிறுத்தினேன். இந்த நாலு சுவர் இருக்கிறவரைக்கும்தான் அவ என்கிட்ட இருப்பா. தயவு பண்ணுங்க. எங்க சர்ச்சுல நான் மூப்பர். யார்கிட்டயும் கெஞ்சினதில்ல."

"சரி. ஆனா இன்னொரு சத்தம் கேட்டா, அடுத்த நிமிஷம் வெளியே. ஒரு சத்தம்."

பெரிய மனசு பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன். அந்த ஒரு வாக்கியம் அவரை எங்கே அனுப்பப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக இந்தச் சாலையில் இருக்கிறேன்.

பத்து மணி சுமாருக்கு அவருடைய பிக்கப் வெளியே போனதைப் பார்த்தேன். ஏதோ குடிக்க வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். நார்வேக்காரர்கள் கிளம்பத் தயாராகி, பைகளைக் கட்டி, எஞ்சின்களை உறுமவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. சாலைக்குப் போன ஆய்விண்ட் மட்டும் உடனே திரும்பி வந்து, வண்டியை நிறுத்தாமலே கத்தினான்.

"மிசஸ் பாகா! அந்தப் பொண்ணு ரோட்டுல நிக்குது! காலுல ஒண்ணும் இல்ல, லாரிக்குக் குறுக்கே போய் விழுது!"

ஓடினேன். ஐம்பத்தெட்டு வயசில் இந்த முழங்காலோடு ஓடினேன். மூடிக்கிடக்கும் பழைய மோட்டல் ஒன்றின் எதிரே, தார் ரோட்டின் ஓரத்தில் நின்றிருந்தாள். கம்பளி கீழே கிடந்தது. உள்பனியனும் பைஜாமாவும்தான் உடம்பில். ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. ஓட்டி வந்தவன் உள்ளிருந்தபடியே சாய்ந்து கதவைத் திறந்துவிட்டிருந்தான். அவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

அவள் தோளைப் பிடித்தேன். வியர்வையில் வழுக்கியது.

"எங்க கூட்டிட்டுப் போற அவளை?" என்றேன் அவனிடம்.

"அவதான் வர்றேன்னு சொல்றா. உனக்கென்ன வந்துச்சு?"

"என் பொண்ணுடா அவ."

"நான் ஒண்ணும் இவ பொண்ணு இல்ல!" என்று டெஸ்ஸா கத்தினாள். "யார்னே தெரியாது! போ, போ, வண்டியை எடு!"

அவன் சிரித்தான். "கேட்டியா பாட்டி? கையை எடு."

எனக்கு என்ன தோன்றியதோ, அவளை விட்டுவிட்டுக் காருக்கு முன்னால் போய் நின்றேன். போனை எடுத்து நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தேன், பிறகு அவன் மூஞ்சியை எடுத்தேன். "ஏத்திக்கிட்டுப் போ. இந்த ஊர் போலீஸ் மொத்தப் பேருக்கும் இது போயிரும்," என்றேன். அவசரத்தில் படம் எதுவும் விழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆய்விண்டும் இன்னும் நாலு பேரும் வண்டிகளை என் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எஞ்சின்களை அணைக்கவில்லை. கார்க்காரன் அவளைக் காலால் வெளியே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தாமலே காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

டெஸ்ஸா என்னை அடித்தாள். இரண்டு கையாலும், மாரிலும் முகத்திலும். "யாருடி நீ? உனக்கு என்ன தெரியும்? செத்துட்டிருக்கேன், தெரியுதா? செத்துட்டிருக்கேன்!" அடிகளில் பலமில்லை. பிறகு குனிந்து என் காலடியிலேயே வாந்தி எடுத்தாள். தண்ணீர்தான் வந்தது, பச்சையாக.

ஆய்விண்ட் அவளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டான். "எந்த ரூம்?"

அறைக்குப் போக வேண்டாம் என்று தோன்றியது. ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அங்கே உலர்த்தும் இயந்திரங்கள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன, சூடாக இருந்தது. "எலும்புக்குள்ள குளிருது, எலும்புக்குள்ள," என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். இயந்திரத்தைத் திறந்து சூடு ஆறாத படுக்கை விரிப்புகளை அள்ளி அவள்மேல் போட்டேன். ஆறியதும் எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டேன். கால் உதறல் நிற்கவில்லை, ஆனால் கத்தல் குறைந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் ஊட்டினேன். மூன்றில் ஒரு ஸ்பூன் உள்ளே தங்கியது.

நார்வேக்காரர்கள் எஞ்சினைப் போடாமல், வண்டிகளைச் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள்.

பன்னிரண்டாம் நம்பர் பக்கத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. வெண்டல் திரும்பி வந்து திறந்து கிடந்த கதவைப் பார்த்துவிட்டார். "டெஸ்ஸா! டெஸ்ஸா!" என்று கார் கொட்டகை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு ஓடி வந்தார். நான் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினேன். உள்ளே வந்து அவளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரு கை மட்டும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டே இருந்தது.

டெஸ்ஸாவின் கண் அந்தக் கைமேல் போனது. அந்த உடம்பில் அவ்வளவு சீக்கிரம் உயிர் வருமென்று நான் நினைக்கவில்லை. விரிப்புகளைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா. பையில என்ன?"

அவர் பையை இன்னும் இறுக்கிப் பொத்தினார்.

"வாங்கிட்டு வந்தியா? எனக்காக வாங்கிட்டு வந்தியா?"

"சத்தம் போடக் கூடாதுன்னாங்க," என்றார் வெண்டல். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "இன்னொரு சத்தம் கேட்டா வெளிய அனுப்பிடுவாங்க. வெளிய போனா நீ போயிருவ. நாளைக்கு எட்டு மணி வரைக்கும் எப்படியாச்சும் தள்ளணும்னு… ஒண்ணே ஒண்ணு குடுத்தா…"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"எங்க போய்க் கேட்ட?" என்றாள் டெஸ்ஸா.

"லாரிங்க நிக்கிற இடத்துக்குப் பின்னாடி. ஒருத்தன் உக்காந்திருந்தான். அவன்கிட்ட போயி, 'தம்பி, என் பொண்ணுக்கு மருந்து வேணும்'னு சொன்னேன்."

"ஐயோ அப்பா. உன்னைப் போலீஸ்னு நினைச்சிருப்பான்."

"நினைச்சான். பேச்சைப் பதிவு பண்ற ஒயர் கியர் கட்டியிருக்கேனான்னு பார்க்கணும், சட்டையைத் தூக்குன்னான். தூக்கினேன். திரும்பி நில்லுன்னான். நின்னேன். அங்க ரெண்டு மூணு பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சிரிச்சாங்க."

டெஸ்ஸா சிரித்தாள். விக்கல் போல ஒரு சிரிப்பு. அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "நீயா? ஞாயித்துக்கிழமையிலயா?" என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கம் தவழ்ந்து போனாள். தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பைக்குள் கையை விட்டாள்.

ஒரு நொடிதான். அலுமினியத் தாள் கிழிந்து இரண்டு மாத்திரை தரையில் உருண்டன. நீல மாத்திரை. நாலாம் நம்பரில் நான் பார்த்த அதே நீலம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெண்டல்தான் பாய்ந்து அவற்றைக் கைக்குள் மூடினார். அவள் அவர் விரல்களைப் பிரித்தாள், முடியாமல் போகவே கடித்தாள். மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்து இரத்தம் வந்தது. அவர் கையை விடுவித்துக்கொள்ளக்கூட முயற்சி பண்ணவில்லை.

"குடு, அப்பா. எனக்குத்தானே வாங்கின? எனக்குத்தானே? குடுத்துரு. குடுத்துட்டா நாளைக்கு நானே நடந்து வர்றேன், சத்தியமா வர்றேன். குழந்தை மேல சத்தியம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்ன சொல்வது? கொடுத்துவிடு என்று நான் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்.

"இங்க ஒரு பையன் செத்தான்," என்றேன். "இதே மாத்திரைதான். பாதிதான் எடுத்திருந்தான். மீதிப் பாதி தொட்டி மேல இருந்துச்சு. நான்தான் பார்த்தேன்."

துவைக்கும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டேன். அவர் முழங்காலாலேயே நகர்ந்து வந்தார். இடுப்பைப் பிடித்துத் தொங்கிய மகளையும் இழுத்துக்கொண்டுதான் வந்தார். கையைத் தண்ணீருக்குள் நீட்டி விரலைத் திறந்தார். இரண்டும் சுழன்று ஓட்டைக்குள் போயின.

டெஸ்ஸா எழுப்பிய சத்தம் சாலைக்குக் கேட்டிருக்கும். யாரும் வந்து கேட்கவில்லை. வந்திருந்தாலும் நான் யாரையும் வெளியே அனுப்பியிருக்க மாட்டேன்.

"மன்னிச்சுக்குங்க," என்றேன் வெண்டலிடம். "காலையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க உங்க வீட்டைப் பார்த்தீங்க," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்குப் பூராவும் மூவரும் அந்தத் துவைக்கும் அறையிலேயே இருந்தோம். விரிப்பு மாற்றினோம், வாளி மாற்றினோம். அவள் எங்களைத் திட்டினாள், பிறகு கெஞ்சினாள், பிறகு தன் குழந்தை பெயரைச் சொல்லி அழுதாள், பிறகு மறுபடி திட்டினாள். வாசல் மணியை அடித்தவர்களிடம் அறை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் வெண்டலால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. மூன்று நாளாகத் தூங்காதவர், கடித்த கை வீங்கியிருந்தது. ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டு என் காரை எடுத்தேன். பின்சீட்டில் இரண்டு பேரும். பின்கதவு இரண்டுக்கும் குழந்தைப் பூட்டுப் போட்டிருந்தேன். அவள் ஒரு முறை கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை என்றதும், "கெட்டிக்காரிதான்," என்றாள். வழியில் சாண்டா ரோசாவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது கழிப்பறைக்கு அவளோடு நானும் உள்ளே போனேன். கதவைச் சாத்த விடவில்லை.

மையத்தை அடைந்தபோது எட்டு அடிக்கப் பத்து நிமிஷம். சாதாரணக் கட்டடம், பக்கத்தில் டயர் கடை. அவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"என்னால முடியாதுப்பா."

வெள்ளிக்கிழமையிலிருந்து பேசிப் பேசி வெண்டலிடம் வார்த்தை தீர்ந்திருந்தது. கட்டுப் போட்ட கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, உள்ளே இருந்த பெண், "ஏசி வீணாப் போகுது சார்," என்றாள். டெஸ்ஸா அந்தப் பெண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு, அவருடைய பெரிய செருப்பைக் காலில் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் இருந்தாள். பதின்மூன்றாம் நாள் காலையில் வெண்டலின் போன் வந்தது. "மிசஸ் பாகா, அவ அங்க வந்தாளா?" வரவில்லை. முந்தின நாள் மதிய உணவு இடைவேளையில் வெளியே நடந்துபோயிருக்கிறாள். அந்த வாரம் முழுக்க நான் ஊரில் மூடிக்கிடக்கும் மோட்டல்கள் ஒவ்வொன்றிலும் டார்ச்சும் கையுமாக ஏறி இறங்கினேன். லாரி நிற்கும் இடத்துக்குப் பின்னாலும் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவன் என்னையும் சட்டையைத் தூக்கச் சொன்னான். வெண்டல் இரண்டு முறை வந்து அல்புகர்க்கி தெருக்களில் அவள் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார். ஜூன் போனது. ஜூலை போனது. போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை அவரே கூப்பிட்டார். டெஸ்ஸா அல்புகர்க்கிக்கும் மேற்கே கேலப்பில் இருக்கிறாளாம், அங்கே ஒரு மையத்தில். யாரும் கொண்டுபோய் விடவில்லை. தானே போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். தங்கப் போகிறேன் என்றோ, சரியாகிவிட்டேன் என்றோ சொல்லவில்லை. குழந்தையோடு போனில் மூன்று நிமிஷம் பேசியிருக்கிறாள்.

"மாத்திரையைத் தொட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது," என்றார் வெண்டல். பிறகு அவர் மனைவி ஜோன் போனை வாங்கி, "நாளைக்கு இருபதுங்க," என்றாள்.